கீழ் வீட்டு வாடகை

ஜூன் 8

அக்காவுக்கு,

நேத்து போன்ல நான் கத்தினது தப்பு. நீ பட்டுன்னு வெச்சதும் சரியில்ல, அதை விடு. திரும்பக் கூப்பிட்டா ரெண்டு பேரும் விட்ட இடத்துல இருந்து ஆரம்பிச்சிடுவோம்னுதான் எழுதறேன். கடிதத்துல குறுக்க பேச முடியாது.

விஷயம் ஒண்ணுதான், மாடி வாடகை. அப்பா போனதுல இருந்து நீதான் வாங்கி அனுப்பறே, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா எப்படி வருது? நர்ஸ் பணம் மாச ஆரம்பத்துல. வாத்தியார் பணம் மாச நடுவுல. அந்த டிரைவர் வீட்டுப் பணம் சனிக்கிழமைக்கு சனிக்கிழமை சில்லறை சில்லறையா. என் வீட்டுக் கடனை பேங்க்காரன் அப்படி வாங்கிக்கறதில்ல. அஞ்சாம் தேதி கணக்குல பணம் இல்லைன்னா அபராதம் போட்டுடறான். போன வருஷம் நான் கட்டின அபராதத்துல உன் மருமகளுக்கு காலேஜ் புத்தகம் மொத்தமும் வாங்கியிருக்கலாம்.

நானும் பல வழி யோசிச்சுப் பார்த்தேன். மாடிக்காரங்க நேரா என் கணக்குல போடட்டும்னா, டிரைவர் போடவே மாட்டான். வருஷத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே செக் வாங்கி வெக்கலாம்னா, வாத்தியார்கிட்ட செக் புக்கே இல்லைன்னு நீயே சொன்னே. படிக்கட்டு அடியில பூட்டுப் போட்ட பெட்டி வெக்கலாம்னு கூட நினைச்சேன், உனக்குச் சிரிப்பு வரும்.

இங்க எங்க கோடவுன்ல கணக்கு பாக்கறவர் ஒரு கம்பெனி சொன்னார். வாடகை வசூலிச்சுக் குடுக்கறதுதான் அவங்க தொழிலே. தேதிக்கு முன்னாடி போன்ல ஞாபகப்படுத்துவாங்க, பணம் வாங்குவாங்க, ரசீது அனுப்புவாங்க, கமிஷன் பிடிச்சுக்கிட்டு மீதியை என் கணக்குல போட்டுடுவாங்க. யாரும் யார் மூஞ்சியும் பாக்க வேண்டியதில்ல. உன் முழங்கால் வலிக்கும் விடுதலை. என்ன சொல்றே?

தம்பி


ஜூன் 19

தம்பிக்கு,

மன்னிப்பை ஒரு வரியில முடிச்சுட்டு அடுத்த வரியிலேயே என் மேல பழி போட்டுட்டே. அப்படியே அப்பா சாயல்.

என்ன சொல்றேன்னு கேட்டிருக்கே. ஏற்கெனவே முடிவு பண்ணிட்டுத்தான் கேக்கறேன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்றேன், கேட்டுக்கோ.

வாடகைன்ற வார்த்தையை நான் மாடியில ஒரு நாளும் சொன்னதில்ல. வாய் கூசும். மேல ஏறிப் போய் "குழாய்ல தண்ணி ஒழுங்கா வருதா?"ன்னு கேப்பேன். அவங்களுக்குப் புரிஞ்சிடும். உள்ள போய் எடுத்துக்கிட்டு வந்து குடுப்பாங்க. இல்லைன்னா "சனிக்கிழமை நல்லா வரும்க்கா"ம்பா டிரைவர் பொண்டாட்டி. வாத்தியார் குடிவந்த புதுசுல அவருக்கு இது தெரியாது. நான் கேட்டா "ரொம்ப நல்லா வருதுங்க"ன்னு சந்தோஷமா கதவைச் சாத்திடுவார். ரெண்டு மாசம் இப்படியே போச்சு. அப்புறம் நர்ஸ்தான் அவருக்கு விளக்கிச் சொல்லியிருக்கா. மனுஷன் பணத்தோட ஓடி வந்து, "உண்மையிலேயே தண்ணி நல்லாத்தாங்க வந்துச்சு, மன்னிச்சுக்கோங்க"ன்னார். இதெல்லாம் உன் கம்பெனிக்குத் தெரியுமா?

டிரைவருக்கு அவர் முதலாளி வாரச் சம்பளம் குடுக்கறார். வாரம் வாரம் வாங்கறவர் வாரம் வாரம்தான் குடுப்பார். மாசக் கடைசி வரைக்கும் சேர்த்து வெக்கச் சொன்னா, அந்தப் பணம் பசங்க ஃபீஸுக்குப் போயிடும். நாலு தடவை படியேறுது என் முழங்கால்தானே, உன்னுது இல்லையே.

மத்தபடி வீடு உன் பேர்ல இருக்கு. அதை மாத்தச் சொல்லி அப்பாவைக் கையெழுத்துப் போட வெச்சதே நான்தான், உனக்குக் கடன் கிடைக்கணும்னு. "உனக்கு?"ன்னு அப்பா என்னைக் கேட்டப்ப, "எனக்கு எதுக்குப்பா பேப்பர், கீழ் வீட்ல இருந்து என்னை யார் எழுப்பப் போறா"ன்னேன். நீயும் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தே. அதனால உன் இஷ்டம், எப்படி வேணா வசூல் பண்ணிக்கோ. நான் கர்ட்டன் தைக்கற வேலையைப் பாக்கறேன். துணிக்கடைக்காரர் ஒரு ஓட்டலுக்கு மொத்தமா ஆர்டர் எடுத்திருக்கார், மெஷின்ல இருந்து எழுந்திருக்க நேரமில்ல.

அக்கா


ஜூலை 6

அக்காவுக்கு,

கோவிச்சுக்காதே. கம்பெனியில பதிவு பண்ணிட்டேன். அடுத்த மாசத்துல இருந்து நீ படியேற வேண்டாம், தண்ணி வருதான்னு கேக்கவும் வேண்டாம்.

போன்லயே எல்லாத்தையும் நிரப்பிட்டேன். ஒவ்வொரு மின்சார மீட்டருக்கும் ஒரு வரி குடுத்திருந்தான், யார் இருக்காங்க, என்ன நம்பர், வாடகை எவ்வளவுன்னு. கடைசியில எப்படி வசூலிக்கணும்னு கேட்டான். மென்மை, நடுத்தரம், கண்டிப்புன்னு மூணு இருந்துச்சு. நான் கண்டிப்பைத் தேர்ந்தெடுத்தேன். அதுல தேதி தாண்டினா அபராதம் உண்டு. பாக்கி வெச்சவங்க கதவு எண்ணை படிக்கட்டுல ஒட்டவும் செய்வாங்களாம். டிரைவருக்கு அதுதான் மருந்து. நாலு பேர் பாக்கற இடத்துல தன் கதவு எண் தொங்கினா எவனுக்கும் சுருக்குன்னு இருக்கும். ஒரு மாசம் வெக்கப்பட்டா அடுத்த மாசம் தானா வழிக்கு வந்துடுவான்.

கம்பெனி ஆள் ஒருத்தர் வீட்டைப் பாக்க வருவார். கொஞ்சம் மேல கூட்டிட்டுப் போய்க் காட்டு. அவர் கேட்டா மீட்டர் பெட்டிச் சாவியைக் குடு.

உன் மருமக பரீட்சை எழுதிட்டா. அத்தை எப்படியிருக்காங்கன்னு கேட்டா.

தம்பி


ஆகஸ்ட் 9

மதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு,

தங்கள் கட்டடத்தில் கதவு எண் ஒன்றில் குடியிருக்கும் தையல்காரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

"அன்புள்ள குடியிருப்பாளரே, உங்கள் வாடகை வரும் ஐந்தாம் தேதிக்குள் செலுத்தப்பட வேண்டும்" என்ற தங்கள் கம்பெனியின் செய்தி என் கைபேசிக்கு வந்து சேர்ந்தது. முதலில் மாடிக்கு வர வேண்டியது தவறி என்னிடம் வந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் என் பெயர், என் கதவு எண், நான் தர வேண்டிய தொகை எல்லாம் தெளிவாக இருந்தன. மாடி முன்பக்கத்துக்கு எவ்வளவோ, அவ்வளவே எனக்கும். பாரபட்சமில்லாத உரிமையாளர் அமைவது அபூர்வம்.

இதைப் பற்றித் தாங்கள் நேரில் சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் யாரும் யார் மூஞ்சியும் பார்க்க வேண்டியதில்லை என்பதுதானே இந்த ஏற்பாட்டின் சிறப்பு. எனவே நானும் கேள்வி கேட்காமல் தேதிக்கு ஒரு நாள் முன்பே செலுத்திவிட்டேன்.

மற்றபடி, குளியலறைச் சுவரில் ஈரம் ஏறுகிறது. குடியிருப்பாளர் என்ற முறையில் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
கதவு எண் ஒன்று


ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

உன் கிண்டல் கடிதம் கிடைச்சுது. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு. கோடவுன்ல கணக்கு பாக்கறவர்கிட்டயும் படிச்சுக் காட்டினேன். உங்கக்கா பெரிய ஆளா இருப்பாங்க போலன்னார்.

கம்பெனி வேலையை நல்லாப் பண்றான். முதல் தடவையா பணம் மொத்தமா, ஒரே நாள்ல, தேதிக்கு வந்துச்சு. தவணை போக மிச்சமும் இருந்துச்சு. காலேஜ் ஃபீஸ் பாக்கியைக் கட்டிட்டேன். டிரைவர் கூட ஒழுங்காக் கட்டிட்டான் பாத்தியா? நான் சொன்னேன்ல.

சுவர் ஈரத்துக்கு யாரையாவது வரச் சொல்லிப் பாரு. செலவை நான் குடுக்கறேன். இங்க வேலை கழுத்தை நெரிக்குது, அதனால சுருக்கமா முடிக்கறேன்.

தம்பி


செப்டம்பர் 17

தம்பி,

சிரிச்சியா? நல்லா சிரி.

கிண்டல் வேண்டாம், நேராவே எழுதறேன். ரெண்டு மாசமா என் வீட்டுக்கு நான் வாடகை கட்டறேன். உனக்குத்தான் கட்டறேன். ஆகஸ்ட்ல மெஷின் ரிப்பேருக்கு எடுத்து வெச்சிருந்ததைக் கட்டினேன். இந்த மாசம் ஓட்டல் கர்ட்டனுக்கு வர வேண்டிய பணத்தை கடைக்காரர் இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்தடிச்சிட்டார். அஞ்சாம் தேதி தாண்டிடுச்சு.

ஏழாம் தேதி காலைல வாசலுக்கு வந்தா, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துல ஒரு காகிதம் ஒட்டியிருந்துச்சு. சிவப்பு எழுத்துல "நிலுவை: கதவு எண் 1". வேற எண்ணே இல்ல. டிரைவர், நர்ஸ், வாத்தியார் எல்லாரும் கட்டிட்டாங்க. நான் ஒருத்திதான் பாக்கி. கிழிச்சுப் போடலாம்னு கையை நீட்டினேன். அதுக்குள்ள வாத்தியார் படியிறங்கி வந்துட்டார். படிச்சாரா படிக்கலையான்னு தெரியல. என்னைப் பாக்காம "வெயில் இன்னிக்கு ஜாஸ்தி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அன்னிக்கு வெயிலே இல்ல.

அதோட விட்டுதா? சாயங்காலம் டிரைவர் பொண்டாட்டி கீழ வந்தா. எப்பவும் வாசல்ல நின்னுதான் பேசுவா, அன்னிக்கு உள்ள வந்து மெஷின் பக்கத்துல உக்காந்தா.

"அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நீங்களும் எங்களை மாதிரி வாடகைக்குத்தான் இருக்கீங்கன்னு இத்தனை நாளா தெரியாமப் போச்சேக்கா. உங்களை வீட்டுக்காரம்மான்னு நினைச்சு குழாய் சரியில்ல, கூரை ஒழுகுதுன்னு எவ்வளவு சண்டை போட்டிருக்கேன். நீங்க வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

அவ இன்னும் கிட்ட வந்து மெதுவாச் சொன்னா. "இந்த மாசம் உங்க வீட்டுக்கும் நாங்களே கட்டிடறோம்க்கா. அவர்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டார். கையில வரும்போது குடுங்க. சில்லறை சில்லறையாக் குடுத்தாலும் பரவால்ல."

நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. அவ நல்ல மனசோடதான் கேட்டா, அவ மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. எவ புருஷனை வெக்கப்பட வெக்கணும்னு நீ அந்தக் காகிதத்தை ஒட்டச் சொன்னியோ, அவ வந்து எனக்கு இரக்கப்பட்டா. மறுநாள் கடைக்குப் போய் என் பணத்தையே நான் பிச்சை கேக்கற மாதிரி நின்னு வாங்கிட்டு வந்து, அபராதத்தோட கட்டினேன். இத்தனை வருஷத்துல அந்தக் கடைக்காரர் முன்னாடி நான் தலை குனிஞ்சதில்ல.

ஒண்ணு மட்டும் கேக்கறேன். என்கிட்ட வாடகை வாங்கணும்னு தோணியிருந்தா, ஒரு வார்த்தை போன்ல சொல்லியிருக்கலாமே. திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், ஆனா குடுத்திருப்பேன். ஊர் பேர் தெரியாத ஒருத்தனை விட்டுக் கேக்கற அளவுக்கு நான் உனக்கு என்னடா பண்ணினேன்?

அக்கா


செப்டம்பர் 28

அக்காவுக்கு,

இதை நான் எழுதறது நாலாவது தடவை. முதல் மூணுலயும் கம்பெனி மேல பழியைப் போட்டிருந்தேன். கிழிச்சுட்டேன்.

உன்கிட்ட வாடகை வாங்கணும்னு நான் நினைக்கல. அதை மட்டும் நம்பு. மீட்டர் நாலு இருந்துச்சு, நாலு வரியும் நிரப்பினாத்தான் அடுத்த பக்கத்துக்கு விட்டான். கீழ் வீட்டு வரியில உன் பேரையும் நம்பரையும் போட்டேன், ஆள் வந்தா உன்னைக் கூப்பிடட்டும்னு. வாடகைன்ற கட்டத்தை வெறுமனே விட்டுட்டேன். அங்க பூஜ்ஜியம்னு போட்டிருக்கணும். வெறுமனே விட்டா அடுத்த வரியில இருக்கற வாடகையையே அதுவா எடுத்துக்கும்னு கீழ பொடி எழுத்துல இருந்திருக்கு. படிக்காம அழுத்திட்டேன். இதுவரைக்கும் நடந்தது தப்பு. இதுக்கு மேல நடந்ததைத் தப்புன்னு சொல்ல முடியாது.

ஆகஸ்ட் ஆறாம் தேதி கணக்கைத் திறந்தேன். மூணு வரவு இருக்க வேண்டிய இடத்துல நாலு இருந்துச்சு. நாலாவதுக்குப் பக்கத்துல உன் பேர். பார்த்தேன்க்கா. உடனே புரிஞ்சுது. நாளைக்கு அக்காவுக்குப் போன் பண்ணி, ஐயோ கம்பெனிக்காரன் சொதப்பிட்டான்னு சொல்லிச் சிரிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துடலாம்னு நினைச்சுக்கிட்டு மூடி வெச்சேன். மறுநாள் காலேஜ்ல இருந்து ஃபீஸ் கேட்டு ஆள் மேல ஆளா கூப்பிட்டாங்க. அந்தப் பணத்தை எடுத்துக் கட்டினேன். எப்படி மிச்சம் வந்துச்சுன்னு உன் தம்பி பொண்டாட்டி கேட்டா. ஓவர்டைம்னு சொன்னேன்.

அப்புறம் உன் கடிதம் வந்துச்சு. அது கிண்டல் இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வயிறு வலிக்கச் சிரிச்சேன்னு எழுதினேன். கணக்கு பாக்கறவர்கிட்ட படிச்சுக் காட்டினேன்னு எழுதினது பொய். யாருக்கும் காட்டல, மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டுச் சுத்தினேன். நீ இன்னொரு தடவை நேராக் கேட்டா ஒத்துக்கலாம்னு காத்துக்கிட்டிருந்தேன். நீ கேக்காம கட்டிக்கிட்டே இருந்தே. செப்டம்பர்ல நீ தாமதமாக் கட்டினப்ப எனக்கு வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா? இந்த மாசம் மூணுதான் வந்திருக்கேன்னு நினைச்சேன். என் அக்கா பணம் வரலையேன்னு நினைச்சேன். எழுதவே கூசுது. ஆனா இதை எழுதலைன்னா எதையும் எழுதின மாதிரி இல்ல.

டிரைவர் வீட்டம்மா வந்து சொன்னதைப் படிச்சதுக்கு அப்புறம் கோடவுன்ல லாரி டிரைவருங்க முகத்தைப் பாக்க முடியல. அவங்களுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, இருந்தாலும் முடியல.

ரெண்டு மாசப் பணத்தையும் அபராதத்தையும் உன் கணக்குல திருப்பிப் போட்டுட்டேன். அடுத்த ஃபீஸுக்கு காலேஜ்ல தவணை கேட்டிருக்கேன். கம்பெனியை நிறுத்தச் சொல்லி இன்னிக்கே எழுதறேன். மன்னிச்சுக்கோன்னு கேக்க வாய் வரல.

தம்பி


அக்டோபர் 9

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படிச்சுட்டு ரெண்டு நாள் மெஷின் பக்கம் போகல. கோவம்னு சொல்ல முடியாது. நீ தெரிஞ்சே மூடி வெச்சது வலிச்சுது. ஆனா அதை நீயே சொன்னே. சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்ல. சின்ன வயசுல கண்ணாடியை உடைச்சுட்டுப் பூனை மேல சொன்னவன் நீ. நம்ம வீட்ல பூனையே கிடையாது. அதுக்கு இப்ப தேவலாம்.

நீ போட்ட பணத்தைத் திருப்பி அனுப்பிட்டேன். கம்பெனிக்கும் போன் பண்ணி, கதவு எண் ஒண்ணை எடுக்காதீங்க, நான் தொடர்ந்து கட்டப் போறேன்னு சொல்லிட்டேன். வீம்புக்குன்னு நினைக்காதே. காரணம் இருக்கு. சொல்ல வெக்கமா இருக்கு, ஆனா நீ உன் வெக்கத்தைச் சொன்னே, நானும் சொல்லிடறேன்.

போன வருஷம் கண் ஆஸ்பத்திரியில சலுகை அட்டைக்குப் போனேன். இந்த முகவரியில இருக்கறதுக்கு ஏதாவது சான்று காட்டுங்கன்னாங்க. மின்சார பில் உன் பேர்ல. வரி ரசீது உன் பேர்ல. "நீங்க அங்க யாரு?"ன்னு கேட்டா கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு. தம்பி வீடுன்னேன். "அப்ப தம்பிகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்கம்மா"ன்னா. நல்லாத்தான் சொன்னா. நான்தான் உன்கிட்ட கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு அப்படியே விட்டுட்டேன். முழு காசு குடுத்துத்தான் கண்ணாடி போட்டேன். அங்க யாருன்னு அவ கேட்டது ராத்திரியெல்லாம் மண்டைக்குள்ள ஓடும். அப்பாவுக்குக் கஞ்சி ஊத்தினவ, மாடிக்குத் தண்ணி வருதான்னு கேட்டவ, நான் அங்க யாரு?

இந்த மாசம் திரும்பப் போனேன். கம்பெனி அனுப்பின வாடகை ரசீதை பிரிண்ட் எடுத்து நீட்டினேன். என் பேர், கதவு எண், முத்திரை எல்லாம் இருக்கு. ஒரு கேள்வி கேக்கல. அட்டையைக் குடுத்துட்டா.

வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்து அழுதேன்டா. இத்தனை வருஷமா அந்த வீட்ல இருக்கேன்னு சொல்ல என்கிட்ட இருந்தது அப்பா சொன்ன வாய் வார்த்தையும் உன் நல்ல மனசும்தான். நல்ல மனசு காலேஜ் ஃபீஸுக்கு முன்னாடி எவ்வளவு நாள் நிக்கும்னு நீயே எழுதிட்டே. நாளைக்கு உனக்கு முடியாம வித்துட்டே, இல்ல உனக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னு வெச்சுக்கோ, வர்றவன் என்னை யாருன்னு கேப்பான். அப்ப தம்பி வீடுன்னு சொன்னா ஒரு நாள் தர மாட்டான். வாடகை ரசீதைக் காட்டினா மூணு மாசமாவது நோட்டீஸ் குடுக்கணுமாம். நர்ஸ் விசாரிச்சுச் சொன்னா.

அக்காவா இருக்கறதை விட வாடகைக்காரியா இருந்தா எனக்கு பத்திரமா இருக்கு. இதை எழுதறப்ப அப்பா மூஞ்சி கண் முன்னாடி வருது. என்ன பண்ண?

பணத்தைத் திரும்ப அனுப்பாதே. நீ அனுப்பினா அந்த ரசீது பொய்யாயிடும்.

அக்கா


அக்டோபர் 21

அக்காவுக்கு,

உன் கடிதத்தை உன் தம்பி பொண்டாட்டிகிட்ட குடுத்தேன். ஓவர்டைம் பொய்யையும் சொன்னேன். அவ படிச்சா. அன்னிக்குச் சாப்பாடு போட்டுட்டு எதிர்ல உக்காராம உள்ள போயிட்டா. திட்டியிருந்தா தேவலாம்.

மாடிக்குக் கம்பெனியை நிறுத்திட்டேன். இப்ப அவன் வசூல் பண்ற ஒரே ஆள் நீதான். நீ வேண்டாம்னு சொன்னதால விட்டு வெச்சிருக்கேன், பணத்தையும் தொடாம தனியா வெச்சிருக்கேன். இந்த மாசமும் அவன்கிட்ட இருந்து "வாழ்த்துக்கள், உங்கள் குடியிருப்பாளர் செலுத்திவிட்டார்"னு மெசேஜ் வந்துச்சு. வேலைக்கு நடுவுல அதைப் பார்த்ததும் போனைக் கவுத்து வெச்சுட்டேன்.

இன்னொண்ணு. பேங்க்குக்குப் போய் தவணைத் தேதியை மாத்த முடியுமான்னு கேட்டேன். ஒரு தாள்ல கையெழுத்து, அவ்வளவுதான். மேனேஜர் இருபத்தஞ்சாம் தேதிக்கு மாத்திக் குடுத்துட்டார். "இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே சார்"னார். நர்ஸ் முதல் தேதி குடுத்தாலும், வாத்தியார் நடுவுல குடுத்தாலும், டிரைவர் நாலு சனிக்கிழமை குடுத்தாலும் இனிமே எனக்குச் சரியா வரும். கால் மணி நேர வேலை. அதைப் பண்ணாம உன்கிட்ட போன்ல கத்தி, கம்பெனி வெச்சு, காகிதம் ஒட்ட வெச்சேன். பேங்க்ல போய்க் கேக்க எனக்குக் கூச்சம்க்கா. கடன்காரன்னு பாப்பாங்கன்னு. உன் வாய் வாடகைக்குக் கூசினா எனக்கு இதுக்குக் கூசுது. நம்ம ரெண்டு பேர் கூச்சத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்டது அந்த டிரைவர் குடும்பம்.

நவம்பர் கடைசியில லீவு போட்டுட்டு வர்றேன். கீழ் வீட்டை உன் பேருக்கு எழுதிடறேன். வக்கீல்கிட்ட கேட்டுட்டேன், கடன் இருந்தாலும் பேங்க் சம்மதத்தோட கீழ்ப் பகுதியை மட்டும் பிரிச்சு எழுத முடியுமாம். பேங்க்லயும் சம்மதிச்சுட்டாங்க. டிரைவர் வீட்டம்மாகிட்டயும் நானே மேல ஏறிப் போய்ச் சொல்றேன், அந்தக் காகிதம் அவங்களை நினைச்சு ஒட்டச் சொன்னதுன்னு. என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். நீ வேண்டாம் வேண்டாம்னு சொல்லி என்னைத் திருப்பி அனுப்பிடாதே. அந்தப் பயம்தான் எனக்கு.

தம்பி


நவம்பர் 5

தம்பிக்கு,

வா.

வேண்டாம்னு சொல்ல மாட்டேன். வாங்கிக்கறேன். அன்னிக்கு அப்பா முன்னாடி பெருந்தன்மையா எனக்கு எதுக்குப் பேப்பர்னு சொன்னேன் பாரு, அதுல நான் பண்ணின தப்பும் இருக்கு. அப்படிச் சொன்னா நல்ல பொண்ணுன்னு பேர் வரும்னு நினைச்சேன், வந்துச்சு. உனக்கும் சுலபமாப் போச்சு. இந்தத் தடவை மூணு தடவை படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுவேன், பக்கத்துல உக்காந்துக்கிட்டு அவசரப்படுத்தாதே.

டிரைவர் வீட்டுக்கு நீ போறப்ப நான் கூட வர மாட்டேன். அதை நீ தனியாத்தான் பண்ணணும். அவ நல்லவ, ஆனா வாய் கொஞ்சம் நீளம். கேட்டுக்கோ.

வர்றப்ப தம்பி பொண்டாட்டியையும் மருமகளையும் கூட்டிட்டு வா. என் வீட்ல மூணு பேர் தாராளமாப் படுக்கலாம். என் வீடுன்னு எழுதிட்டு ஒரு நிமிஷம் பேனாவை வெச்சுட்டேன். அடிச்சுட்டு எழுதலாமான்னு பார்த்தேன். அடிக்கல.

நீ வருவேன்னு நம்பறேன். எழுதிக் குடுப்பேன்னும் நம்பறேன். ஆனாலும் இந்த மாச வாடகையை நேத்தே கட்டிட்டேன். ரசீது வந்துடுச்சு.

அக்கா